ஃபுளூரோஆன்டிமோனிக் அமிலமா, கார்போரேன் அமிலமா? மீயமிலங்கள்: ஓர் ஒப்பீடு

உலகிலேயே வலிமையான அமிலம் எது என்று இணையத்தில் தேடுவோருக்குப் பெரும்பாலும் ஃபுளூரோஆன்டிமோனிக் அமிலம் என்ற விடையே கிடைக்கிறது. அது தவறான விடையன்று. ஆனால் ஆய்வகத்தில் ஒரு வினைக்காக மீயமிலம் ஒன்றை, அதாவது தூய கந்தக அமிலத்தையும் மிஞ்சிய அமிலம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியவருக்கு அந்த விடை அதிகம் உதவுவதில்லை. ஓர் அமிலம் தன் புரோட்டானை எவ்வளவு எளிதாகக் கைவிடுகிறது என்பது ஒரு கேள்வி; கைவிட்ட பின் எதிர்மின்சுமையோடு எஞ்சி நிற்கும் எதிரயனி சும்மா இருக்கிறதா, அல்லது உருவான பொருளையே தாக்கி அழிக்கிறதா என்பது வேறொரு கேள்வி. இவற்றுள் இரண்டாவதே முக்கியமானது என்பது என் கருத்து. மேஜிக் அமிலம், ஃபுளூரோஆன்டிமோனிக் அமிலம், கார்போரேன் அமிலம், டிரிஃப்ளிக் அமிலம் ஆகிய நான்கையும் அந்தக் கோணத்திலிருந்தே இங்கு ஒப்பிடுகிறேன்.

முதலில் அளவுகோலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பள்ளியில் படித்த பிஎச் அளவு இங்கே பயன்படாது. வலிமையான எந்த அமிலத்தை நீரில் கரைத்தாலும் புரோட்டான் முழுவதும் நீர் மூலக்கூறுகளிடம் போய்ச் சேர்ந்து ஹைட்ரோனியம் அயனியாகிவிடுவதால், நீர்க்கரைசலில் எல்லா வலிய அமிலங்களும் ஒரே உயரத்துக்கு வெட்டப்பட்டுவிடுகின்றன. எனவே நீரில்லாத நிலையில், மிகப் பலவீனமான காரங்களுக்குப் புரோட்டானை ஏற்றும் திறனை வைத்து அமிலத்தன்மையை அளக்கும் ஹாமெட் அளவை 1930களிலிருந்து வழக்கில் உள்ளது. அதில் 100 விழுக்காடு தூய கந்தக அமிலத்தின் மதிப்பு ஏறத்தாழ −12. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்டு கில்லெஸ்பி வகுத்த வரையறைப்படி, அந்த எல்லையைத் தாண்டிய அமிலங்களே மீயமிலங்கள். ஒவ்வோர் அலகும் பத்து மடங்கைக் குறிக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது.

மேஜிக் அமிலமும் ஃபுளூரோஆன்டிமோனிக் அமிலமும் ஒரே உத்தியில் இயங்குபவை. முன்னதில் ஃபுளூரோசல்பியூரிக் அமிலத்துடனும், பின்னதில் ஹைட்ரஜன் ஃபுளூரைடுடனும் ஆன்டிமனி பென்டாஃபுளூரைடு கலக்கப்படுகிறது. அந்த ஆன்டிமனிச் சேர்மம் எலக்ட்ரான் இணைக்காக ஏங்கும் லூயிஸ் அமிலம். எனவே துணை அமிலத்திலுள்ள ஃபுளூரின் அல்லது ஆக்சிஜனை அது இறுகப் பற்றிக்கொண்டு, புரோட்டானைத் திரும்ப ஏற்க மனமில்லாத, மின்சுமை பரந்து கிடக்கும் எதிரயனியாக மாறுகிறது. தனித்து நிற்கும் வெற்றுப் புரோட்டான் இந்தத் திரவங்களிலும் கிடையாது. அது துணை அமிலத்தின் மற்றொரு மூலக்கூறின் மேல் ஏறி அமர்ந்திருக்கிறது. இவற்றுள் மேஜிக் அமிலத்தின் ஹாமெட் மதிப்பு −19 அளவிலும், ஃபுளூரோஆன்டிமோனிக் அமிலத்தின் மதிப்பு −21 முதல் −23 வரையிலும் கணிக்கப்படுகின்றன. −28 என்றும் அதற்கு அப்பாலும் பரவலாக எடுத்தாளப்படும் எண்கள் பழைய மதிப்பீடுகள். −23 என்றே கொண்டாலும் அது கந்தக அமிலத்தைப் போல் பத்தாயிரம் கோடி மடங்கு.

இந்த இரண்டில் வரலாற்றுப் பெருமை மேஜிக் அமிலத்துக்கே உரியது. 1966இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஜார்ஜ் ஓலாவின் ஆய்வகத்தில் கிறிஸ்துமஸ் விருந்து ஒன்றின்போது, ஆய்வாளர் ஒருவர் மெழுகுவர்த்தித் துண்டை இந்த அமிலத்தில் போட, அது கரைந்துபோனது. கரைசலை அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலையில் பார்த்தபோது, அதுவரை கணநேர இடைநிலையாக மட்டுமே கருதப்பட்டு வந்த மூவிணைய பியூட்டைல் கார்பன் நேரயனியின் (நேர்மின்சுமை கொண்ட கார்பன் அயனி) தெளிவான கோடுகள் தென்பட்டன. அமிலத்தின் பெயரும் அப்படித்தான் வந்தது. நேரயனிகளை நிலைநிறுத்தி ஆராய்ந்த பணிக்காக ஓலாவுக்கு 1994இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. எதனோடும் எளிதில் வினைபுரியாத மீத்தேன்கூட இத்தகைய ஊடகங்களில் புரோட்டானை ஏற்கிறது என்பதற்கு, அதன் ஹைட்ரஜன்கள் கன ஹைட்ரஜனான டியூட்டீரியத்தோடு இடம் மாறுவது சான்றாக அமைந்தது.

குறை எங்கே என்றால், அதே ஆன்டிமனி பென்டாஃபுளூரைடில்தான். அது ஓர் ஆக்சிஜனேற்றியாகவும் செயல்படுவதால், புரோட்டான் ஏற்க வந்த மூலக்கூறு சிதைந்துபோகும் வாய்ப்பு எப்போதும் உண்டு. நேரயனிகளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் கரைசலைப் பெரும்பாலும் நீரின் உறைநிலைக்கு வெகு கீழே குளிர்வித்தே வைத்திருக்க வேண்டியிருக்கிறது. ஃபுளூரோஆன்டிமோனிக் அமிலம் கண்ணாடியைத் தின்றுவிடும். டெஃப்லான் போன்ற ஃபுளூரோகார்பன் கலங்களே அதற்குத் தாங்கும். பலர் இதை அமில வலிமையின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள், அது சரியன்று. நீர்க்கரைசலில் பலவீன அமிலமான ஹைட்ரோஃபுளூரிக் அமிலமும் கண்ணாடியை அரிக்கும். அங்கே வேலை செய்வது சிலிக்கான்மீது ஃபுளூரினுக்கு உள்ள ஈர்ப்பே தவிர, அமில வலிமை அன்று.

அதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டாக நிற்பது கார்போரேன் அமிலம். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் கிறிஸ்டோபர் ரீட் குழுவினர் 2004இல் அறிவித்த இதன் குளோரினேற்ற வடிவம், கந்தக அமிலத்தைவிடப் பத்து லட்சம் மடங்கேனும் வலியது. ஆயினும் கண்ணாடிக் கலத்தில் வைக்கலாம். ஒரு கார்பனும் பதினொரு போரான்களும் சேர்ந்த இருபது முகக் கூண்டுதான் அதன் எதிரயனி. ஒற்றை எதிர்மின்சுமை அந்தக் கூண்டு முழுவதும் பரவிக் கிடக்க, வெளிப்புறத்தைக் குளோரின் அணுக்கள் கவசமாக மூடியிருப்பதால், அது புரோட்டானைப் பற்றுவதும் இல்லை, பிறவற்றைத் தாக்குவதும் இல்லை. அரண்மனை வாயிலில் ஆயுதமின்றி நிற்கும் மல்லனைப் போன்றது அது. இந்தச் சாதுத்தனத்தின் பலன் கண்கூடானது. பென்சீனுக்குப் புரோட்டான் ஏற்றிய உப்பை அறைவெப்பநிலையில் படிகமாகவே எடுக்க முடிந்தது. இக்குடும்பத்தின் மற்றோர் அமிலம், 60 கார்பன் கொண்ட ஃபுல்லரீனைச் சிதைக்காமல் அதற்குப் புரோட்டான் ஏற்றியதை 2000இலேயே ரீட் குழு வெளியிட்டிருந்தது. கூண்டில் குளோரினுக்குப் பதில் ஃபுளூரின் ஏற்றிய அமிலம் அறைவெப்பநிலையிலேயே ஆல்கேன்களுக்கும் (மீத்தேன் வகை ஹைட்ரோகார்பன்கள்) புரோட்டான் ஏற்றுகிறது என்ற அறிவிப்பு 2014இல் வந்தது. கலவையாக இல்லாமல் தனிச் சேர்மமாக இருப்பவற்றுள் முதலிடம் எதற்கு என்று கேட்டால், என் வாக்கு இதற்கே.

ஃபுளூரோஆன்டிமோனிக் அமிலத்தையும் கார்போரேன் அமிலத்தையும் நேருக்கு நேர் நிறுத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. ஹாமெட் அளவை திரவங்களுக்கானது. கார்போரேன் அமிலமோ திண்மம். எனவே அதன் எண் நேரடியாக அளக்கப்பட்டதன்று. எதிரயனியோடு சேரும் அமோனியம் உப்பின் அகச்சிவப்பு நிறமாலையில் நைட்ரஜன்-ஹைட்ரஜன் பிணைப்பு எங்கே அதிர்கிறது என்பதை வைத்து எதிரயனியின் காரத்தன்மையைத்தான் ரீட் ஒப்பிட்டார். ஆகவே −23 என்ற எண்ணை மட்டும் காட்டி வெற்றி தோல்வி அறிவிப்பது இரு வேறு தராசுகளின் முள்களை ஒப்பிடுவதாகும். கார்போரேனின் உண்மையான குறை வேறு: பல படிகளில் தயாரிக்க வேண்டிய கூண்டு, விலை அதிகம், ஈரம் துளியும் படாத கையுறைப் பெட்டி. ஆலையில் டன் கணக்கில் ஓட்டுவதற்கான பொருள் அன்று அது.

அன்றாட வேலைக்கு நான் பரிந்துரைப்பது நால்வரில் வலிமை குறைந்த டிரிஃப்ளிக் அமிலத்தைத்தான். 1954இல் முதன்முதலில் தயாரிக்கப்பட்ட இதன் ஹாமெட் மதிப்பு ஏறக்குறைய −14. கந்தக அமிலத்தைவிட நூறு மடங்குக்கு மேல். 162 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது, கண்ணாடியோடு ஒத்துப்போகிறது, ஆக்சிஜனேற்றியாகச் செயல்படுவதில்லை. வலிமையில் ஏறத்தாழ அதற்குப் பக்கத்தில் நிற்கும் பெர்குளோரிக் அமிலத்தோடு ஒப்பிட்டால் இந்தக் கடைசிப் பண்பின் அருமை தெரியும். பெர்குளோரிக் அமிலமும் அசிட்டிக் அன்ஹைட்ரைடும் கலந்த, உலோகத்தை மின்சாரத்தால் மெருகேற்றும் தொட்டி 1947இல் லாஸ் ஏஞ்சலஸில் வெடித்ததில் 17 பேர் உயிரிழந்தார்கள். எரிபொருள் கலங்களில் பயன்படும் நாஃபியான் சவ்வும் டிரிஃப்ளிக்கின் உறவே. ஃபுளூரோகார்பன் சங்கிலியில் டிரிஃப்ளிக்கில் உள்ள அதே வகை சல்போனிக் அமிலத் தொகுதி தொங்கும் பல்லுறுப்பி அது.

டிரிஃப்ளிக் அமிலத்தையும் மூடி வைத்துத்தான் பாதுகாக்க வேண்டும். காற்றில் புகையும் டிரிஃப்ளிக் அமிலம், சம அளவு நீர் மூலக்கூறுகளை உறிஞ்சிக்கொண்டால் 34 டிகிரியில் உருகும் திண்ம ஒற்றைநீரேற்றாகிவிடுகிறது; அப்போது அந்தக் குப்பியில் இருப்பது வெறும் ஹைட்ரோனியம் உப்புதான்.