பள்ளிக்கூடக் கணக்குக்குத் தோதான ஸ்டேஷனரிக் கடை

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளர் பொறுப்பு என் தலையில் விழுந்ததிலிருந்து, கடதாசி, டோனர், வெண்கட்டி எல்லாம் திருகோணமலை மத்திய வீதியில் உள்ள இந்தக் கடையில்தான். விலை மலிவென்று சொல்லமாட்டேன். ஏ4 கட்டு பக்கத்துக் கடையில் கொஞ்சம் குறைவு. ஆனால் இங்கே பில் பில்லாக இருக்கும். திகதி, பாடசாலையின் பெயர், ஒவ்வொன்றின் விலை, கடை முத்திரை எல்லாம் ஒழுங்கு. மாகாணப் பாடசாலையில் ஆசிரியர் சம்பளம் மேலிருந்து வந்துவிடும், அதில் நமக்கு வேலை இல்லை. சங்கப் பணத்தில் ஒரு பெட்டி வெண்கட்டி வாங்கினாலும் வவுச்சர், கூட்டத் தீர்மானம், அதிபரின் கையொப்பம், அப்புறம் கணக்காய்வு. துண்டுக் கடதாசியில் கிறுக்கிய கணக்கை யார் ஏற்பார்கள்?

மூன்று கடைகளின் விலையை ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்கும் விலைமனுவையும் கடிதத் தலைப்பில் அன்றே தருகிறார்கள். வேறொரு கடையில், "மற்ற ரெண்டு கடை விலைமனுவையும் நானே அடிச்சுத் தரட்டா, தங்கச்சி?" என்று கேட்டார்கள். அந்தப் பக்கம் இப்போது போவதே இல்லை.

குறை என்றால், காசோலை கொடுத்தால் முகம் சுருங்கும். வாங்கிக்கொள்வார்கள், சரி. தவணை தொடங்கும் வாரத்தில் நெரிசல் தாங்காது. டோனர் வேண்டுமானால் முதலில் போன் பண்ணிக் கேளுங்கள்.