‘வேலை உறுதி’ மெஷின் லேர்னிங் வகுப்பு: மலையகத்து ஐடி ஆட்கள் காசு கட்டுமுன் படியுங்கள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் வீட்டிலிருந்தே கொழும்புக் கம்பனிகளுக்கு வேலை செய்கிற நம் ஆட்களைக் குறிவைத்து ஓர் ஒன்லைன் மெஷின் லேர்னிங் (தரவைப் பார்த்துக் கணினியே பழகும் முறை) வகுப்பின் விளம்பரம் பேஸ்புக்கில் சுற்றுகிறது. “அனுபவமுள்ள மென்பொருள் பொறியியலாளர்களுக்கு மட்டும். ஆறு மாதத்தில் வேலை, இல்லையேல் முழுப் பணமும் திருப்பி.” 185,000 ரூபா கட்டினேன். வேலையும் இல்லை, பணமும் வரவில்லை. முறைப்பாடு நடப்பதால் பெயரைப் போடவில்லை. அங்கே நடப்பதைச் சொல்கிறேன், படித்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

“அண்ணா, உங்களுக்குப் பத்து வருஷ ஜாவா அனுபவம் இருக்குத்தானே, அடிப்படையெல்லாம் எதுக்கு, நேரே புரொஜெக்ட்தான்” என்று அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு தங்கை விடாமல் அழைத்தார். அடிப்படை இல்லை என்பதில் மட்டும் சொன்ன சொல் தவறவில்லை.

புரொஜெக்ட், கடனட்டை மோசடியைக் கண்டுபிடிப்பது. தரவு, தரவுத் தொகுப்புகளைப் பகிரும் காகிள் தளத்தில் யாரும் இலவசமாக எடுக்கக்கூடியது: 2013 செப்டம்பரில் ஐரோப்பிய அட்டைதாரர்கள் இரண்டு நாளில் செய்த 284,807 கொடுக்கல் வாங்கல்கள். அதில் மோசடி 492. விரிவுரையாளர் “99.8 வீதம் துல்லியம்” என்று காட்டினார், வகுப்பு முழுக்கக் கைதட்டல் எமோஜி. கணக்குப் போட்டுப் பாருங்கள். எதையுமே பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ‘மோசடி இல்லை’ என்று பதில் தருகிற ஒற்றை வரி புரோகிராமுக்கும் அதே 99.8 கிடைக்கும்.

இதைச் சுட்டிக்காட்டினேன். அடுத்த வகுப்பில் சேர் ‘சரிசெய்து’ வந்தார்: மோசடி வரிசைகள் மிகக் குறைவு என்பதால் அந்த 492 வரிசைகளைப் பிரதி எடுத்துப் பெருக்கினார், அப்புறம்தான் பயிற்சிக்கு ஒரு பகுதி, பரிசோதனைக்கு ஒரு பகுதி என்று பிரித்தார். பயிற்சியில் பார்த்த அதே வரிசைகள் பரிசோதனையிலும் வந்து உட்கார்ந்துவிட்டன. மாணவனிடம் வினாத்தாளை முதல்நாளே கொடுத்துவிட்டுச் சித்தி எய்தியதாக அறிவிப்பதைப் போன்றது இது. முதலில் பிரித்து, பயிற்சிப் பகுதியை மட்டும் பெருக்கி நான் ஓட்டிப் பார்த்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒரு மோசடி தப்பிப் போனது. “இன்டஸ்ட்ரியில இப்படித்தான் செய்வாங்க” என்பது சேரின் பதில்.

இன்னொன்று. அந்தத் தரவில் வி1 முதல் வி28 வரையான அட்டவணை நிரல்களின் உண்மை அர்த்தம் இரகசியம் காரணமாக வெளியிடப்படவே இல்லை. கணித முறையில் உருமாற்றித்தான் தந்திருக்கிறார்கள். வி14 என்றால் என்ன என்று ஒருவர் கேட்க, சேர் சற்றும் தயங்காமல் “அது கஸ்டமரின் வயது” என்றார். அன்றைக்கே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது, ஆனால் கடைசித் தவணையும் அதற்குள் போய்விட்டிருந்தது.

வகுப்பில் எல்லோருடைய கிட்ஹப் தளப் பக்கத்திலும் இதே புரொஜெக்ட் கோப்புத்தான். எங்களோடு படித்த ஒருவர் இதை ஒரு நேர்முகத்துக்குக் கொண்டுபோக, முதல் கேள்வியே “பெருக்கியது பிரிப்பதற்கு முன்னமா பின்னமா?” என்று வந்ததாம். நம் அனுபவம் உண்மையில் கைகொடுக்கும் பகுதி மாடலை, அதாவது பழக்கி முடித்த கணிப்பு முறையை, பிறர் பயன்படுத்தும் சேவையாக ஓடவிடுவதும், நாளடைவில் தரவு மாறுவதைக் கண்காணிப்பதும். அந்தப் பாடத்துக்கு ஒரு பிடிஎஃப் அனுப்பினார்கள், அவ்வளவுதான்.

பணம் திருப்பிக் கேட்டதும்தான் ஒப்பந்தத்தின் ஆங்கிலப் பொடி எழுத்து வெளியே வந்தது. கெமராவைத் திறந்தபடி 90 வீத வருகை வேண்டுமாம். தென்மேல் பருவமழையில் ஹட்டனில் லைன் அறுந்துபோன வகுப்புகள் எல்லாம் ‘வரவில்லை’ என்றே பதிவாகியிருந்தன. விளம்பரத்தின் ‘வேலை உறுதி’யும் அங்கே ‘வேலை தேட உதவி’யாகச் சுருங்கியிருந்தது.

சேர யோசிப்பவர்கள் ஒப்பந்தத்தைக் காசு கட்டுமுன் கேளுங்கள், தர மறுத்தால் விட்டுவிடுங்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு உண்டா என்றும் விசாரியுங்கள். நான் மேலே சொன்னதுபோல் தரவை முதலில் பிரிக்க வேண்டும் என்பது, மெஷின் லேர்னிங்குக்கான இலவச மென்பொருளான சைகிட்‑லேர்ன் நூலகத்தின் இலவச ஆவணத்திலேயே விளக்கமாக இருக்கிறது, அதற்கு யாருக்கும் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை.

ஏற்கெனவே சேர்ந்து தவணை பாக்கி உள்ளவர்கள் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட், பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் இன்றைக்கே சேமித்து வையுங்கள். விளம்பரத்தை அவர்கள் இடைக்கிடை அழித்துவிட்டு வேறு வார்த்தைகளில் போடுகிறார்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. என் முறைப்பாட்டையும் அங்கேதான் எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.