பத்துக் குளிர்காலம், ஒரே ஃபர்னஸ்: அது ஏன் அடிக்கடி நின்றது?

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இந்த வீட்டுக்கு நாங்கள் வந்தது 2014 இலையுதிர் காலத்தில். பேஸ்மன்டில், காற்றைச் சூடாக்கி வீடு முழுக்க அனுப்பும் காஸ் ஃபர்னஸ் ஏற்கெனவே இருந்தது. 80,000 பிடியு (மணிக்கு எவ்வளவு வெப்பம் என்ற கணக்கு), 96 சதவீதத் திறன். காற்றை உள்ளே இழுக்க ஒன்று, புகையை வெளியே விட ஒன்று என்று பக்கச் சுவரில் இரண்டு வெள்ளை பிவிசி குழாய்கள். இந்தப் பத்துக் குளிர்காலத்தில் மூன்று முறை அது நின்று நின்று எங்களைத் தவிக்கவிட்டது. மூன்று முறையும் காரணம் வேறு. ஆனால் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று சரியில்லை என்று கண்டுதான் அது தன்னை நிறுத்திக்கொண்டது. அதை நான் விளங்கிக்கொள்ளச் சில வருடம் பிடித்தது.

முதல் பிரச்சினை மூன்றாவது குளிர்காலத்தில். மகளுக்குத் தூசி ஒவ்வாமை என்பதால், கடையில் இருந்ததிலேயே நெருக்கமான ஃபில்டரை, மெர்வ் 13 போட்டதை, வாங்கிப் போட்டேன் (மெர்வ் எண் கூடக் கூட ஃபில்டர் நுண்ணிய தூசியையும் பிடிக்கும்). 16க்கு 25, ஒரு அங்குலத் தடிப்பு. எரிவாயுச் செலவு குறையும் என்று நினைத்து, ஆட்கள் இல்லாத இரண்டு அறைகளின் காற்றுத் துவாரங்களையும் மூடிவைத்தோம். சில கிழமைகளில் ஃபர்னஸ் ஐந்து ஆறு நிமிடம் எரியும், நெருப்பு அணையும், விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், கொஞ்ச நேரத்தில் திரும்ப எரியும். வீடு சூடாகவே இல்லை.

நடந்தது இதுதான். நெருப்பின் சூட்டை வாங்கி வீட்டுக்குள் கொண்டுபோகப் போதுமான காற்று வரவில்லை. உள்ளே சூடு எல்லை மீறியதும் லிமிட் சுவிட்ச் காஸை நிறுத்திவிட்டது. அப்படியே விட்டிருந்தால், சூடேறி ஆறிச் சூடேறி, வெப்பம் மாற்றும் உலோக அறையே ஒருநாள் விரிசல் விட்டிருக்கலாம். துவாரங்களைத் திறந்து, மெர்வ் 8 ஃபில்டருக்கு மாறினேன். குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கிறேன். வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றிவிடுவேன். மகளுக்காக அவள் அறையில் தனியாக ஒரு காற்றுச் சுத்திகரிப்பான் வைத்தோம்.

இரண்டாவதை மறக்க முடியாது. ஆறாவது குளிர்காலம், ஜனவரி இரவு, வெளியே மைனஸ் 20. ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். ஃபர்னஸ் 'டிக்' என்று தொடங்கும், நெருப்பு நன்றாகப் பற்றும், நாலு விநாடியில் அணைந்துவிடும். சில தரம் முயன்றுவிட்டுத் தன்னைப் பூட்டிக்கொள்ளும். நான் மின்சாரத்தை நிறுத்தி நிறுத்திப் போட்டுக்கொண்டே விடியும்வரை இருந்தேன். அம்மா இரண்டு போர்வைக்குள் நடுங்கியபடி, "தம்பி, நீ போய்ப் படு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

காலையில் வந்த ஒரு நிறுவனத்தின் ஆள் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "கண்ட்ரோல் போர்டு போய்விட்டது, புது ஃபர்னஸ் போடுவதுதான் நல்லது" என்று பல ஆயிரம் டாலருக்குக் கணக்குக் கொடுத்தார். எந்த அளவீட்டுக் கருவியையும் அவர் வெளியே எடுக்கவே இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை. நண்பர் ஒருவர் அனுப்பிய இன்னொரு டெக்னீஷியன் மத்தியானம் வந்தார். ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி, மெல்லிய கம்பி ஒன்றை வெளியே எடுத்தார். அதுதான் ஃபிளேம் சென்சர்.

நெருப்பு மிகச் சிறிய அளவில் மின்சாரத்தைக் கடத்தும். இந்தக் கம்பி நெருப்புக்குள் நின்று, சில மைக்ரோ ஆம்ப் மின்னோட்டத்தைக் கொண்டு 'நெருப்பு இருக்கிறது' என்று போர்டுக்குச் சொல்கிறது. கம்பியில் படிவு ஏறினால் அந்த மின்னோட்டம் குறையும். நெருப்பு எரிந்தாலும் போர்டுக்கு அது தெரியாது. எரியாத காஸ் வீட்டில் நிரம்பிவிடக் கூடாதே என்று வால்வை மூடிவிடும். அவர் மெல்லிய ஸ்டீல் வூலால் கம்பியை மெதுவாகத் தேய்த்தார். முரட்டு மண்தாள் வேண்டாம், கீறல்களில் படிவு சீக்கிரம் ஏறும் என்றார். மீட்டரில் 0.4 காட்டியது 3 மைக்ரோ ஆம்பைத் தாண்டியது. அந்த ஃபர்னஸ்தான் இன்றும் ஓடுகிறது.

அவர் இன்னொன்றும் சொல்லித் தந்தார். ஃபர்னஸின் கீழ்க் கதவில் சிறிய கண்ணாடித் துளை இருக்கும். உள்ளே ஒரு விளக்கு கண்சிமிட்டும். எத்தனை தரம் சிமிட்டினால் என்ன குறை என்ற அட்டவணை கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு மாடலுக்கும் அது வேறு. கதவைக் கழற்றினாலோ மின்சாரத்தை நிறுத்தினாலோ சில போர்டுகளில் அந்தக் குறிப்பு அழிந்துவிடும். ஆகவே முதலில் துளை வழியாக எண்ணிவிட்டு, பிறகு மற்ற வேலையைப் பாருங்கள். நான் அன்றிரவு முழுக்க அழித்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

மூன்றாவது, 2022 ஜனவரி 17. ரொறன்ரோவில் நெடுஞ்சாலைகளையே மூடவைத்த பனிப்புயல். வெளியே புகை போக்கும் சின்ன விசிறி ஓடுகிறது, நெருப்பு பற்றவே இல்லை. இம்முறை சிமிட்டலை எண்ணினேன்: புகை போகும் வழி சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் பிரஷர் சுவிட்ச். பூட்ஸைப் போட்டுக்கொண்டு பக்கச் சந்துக்குப் போனால் இரண்டு குழாயும் பனிக்குள். ஷவலால் குத்தாமல் கையால் தோண்டி எடுத்தேன். ஃபர்னஸ் தானாகவே எரிந்தது. இப்போது பனி கொட்டும் நாளில் வாசலை வழிப்பதற்கு முன்பே அந்தக் குழாய்களைத்தான் பார்க்கிறேன்.

அதே சுவிட்ச் தண்ணீராலும் நிறுத்தும். இந்த வகை ஃபர்னஸ் புகையிலிருந்தும் சூட்டை எடுப்பதால் உள்ளே நீர் சேரும். அது வடியும் குழாயில் பாசி போல அடைத்தால் களகளவென்று சத்தம் வரும், பிறகு நிற்கும். எங்களுக்கு ஒருமுறை அப்படி வந்தது. வடிகுழாயைக் கழுவியதும் சரியாயிற்று.

ஃபில்டர், துவாரங்கள், தெர்மோஸ்டாட் பாட்டரி, ஃபர்னஸின் கதவு சரியாகப் பூட்டியிருக்கிறதா, வெளிக் குழாய்கள். இவற்றோடு என் கை நின்றுவிடும். காஸ், பர்னர், உலோக அறை எல்லாம் டிஎஸ்எஸ்ஏ என்ற ஒன்டாரியோப் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் பெற்றவர் வேலை. படுக்கையறைகளுக்கு அருகே கார்பன் மொனாக்ஸைடு அலாரம் ஒன்டாரியோவில் சட்டம். நாங்கள் ஒவ்வொரு மாடியிலும் வைத்திருக்கிறோம். அது அடித்தாலோ காஸ் மணந்தாலோ எதையும் ஆராய வேண்டாம். எல்லோரும் வெளியேறி, வெளியே நின்று 911ஐ அழையுங்கள்.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. அக்டோபரில், லேசான குளிரில், நாலு நிமிடம் எரிந்து நிற்கும். 1,500 சதுர அடி வீட்டுக்கு 80,000 பிடியு அதிகம் என்றார் டெக்னீஷியன். மணிக்கு எத்தனை தரம் எரியலாம் என்று சொல்லும் தெர்மோஸ்டாட்டின் சுழற்சி அமைப்பை மாற்றியதில் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். அடுத்த ஃபர்னஸ் வாங்கும்போது, பழையதன் அளவையே எழுதித் தருகிறவரிடம் வாங்க மாட்டேன். ஜன்னல், சுவர், கூரை எல்லாம் அளந்து எஃப்280 என்ற கனடியத் தர முறையில் வெப்பத் தேவையைக் கணக்கிட்டுத் தருகிறவரைத்தான் தேடுவேன்.