‘அதை எடுத்துப்போவேன்’: போர்த்துகீசியத்தில் மூன்று வழிகள்

போர்த்துகீசியத்தில் ‘லெவார்’ என்றால் எடுத்துப்போவது. ‘அதை எடுத்துப்போவேன்’ என்பதை லெவா-லு-எய், உ லெவரெய், வோ லெவாலு என்று மூன்று விதமாகச் சொல்லலாம். எண்ணிப் பாருங்கள், மூன்றிலும் நான்கு அசைதான். அழுத்தம் விழும் இடம்தான் வேறு.

தமிழில் அழுத்தம் இடம் மாறினால் பொருள் மாறாது. அதனால் நம் காது இதைக் கவனிக்கப் பழகவில்லை. அங்கே லெ-வா-ரவ்ங் என்று நடு அசையை அழுத்தினால் ‘எடுத்துப்போனார்கள்’. கடைசி அசையை அழுத்தி லெ-வ-ரவ்ங் என்றால் ‘எடுத்துப்போவார்கள்’. ஈற்றொலி இரண்டிலும் ஒன்றே.

எனக்கு மிகவும் பிடித்தது லெவா-லு-எய். வினையையே பிளந்து, ‘அதை’யை நடுவில் வைக்கிறது. ‘எய்’ என்ற எதிர்கால விகுதி ஒரு காலத்தில் தனி வினை. லத்தீனில் ‘என்னிடம் இருக்கிறது’ என்ற பொருளில் வந்தது. பிறகு முன்னால் இருந்த வினையோடு ஒட்டிக்கொண்டது. ஒட்டிய அந்த இடம்தான் இன்றும் பிரிகிறது. பிரியும்போது ‘லெவார்’ தன் ரகரத்தை இழக்கிறது. ஒவ்வொரு துண்டையும் தனிச்சொல்லாகக் கருதிக் குறி போடுவதால் ‘வா’ மேல் அழுத்தக்குறி ஏறுகிறது. முதன்மை அழுத்தம் என்னவோ ‘எய்’யில்தான். லெ-வா-லு-ஈ-அ-முஷ், அதாவது ‘எடுத்துப்போயிருப்போம்’, இன்னும் அழகு: ஆறு அசை, ஒரே வினையில் இரண்டு அழுத்தக்குறி.

‘உ லெவரெய்’யில் அழுத்தம் ஒன்றுதான், கடைசியில். பிரேசில் எழுத்தில் இதைப் பார்க்கலாம். போர்த்துகலில் ‘இல்லை’ போன்ற சொல் முன்னால் வந்தால் இந்த வரிசைதான், அப்போது மட்டும் பிளந்த வடிவம் செல்லாது.

பேச்சுக்கு ‘வோ லெவாலு’ போதும். அழுத்தம் ‘வா’வில். போர்த்துகலில் அன்றாடம் காதில் விழுவது இதுதான். பிரேசில் பேச்சிலும் ‘வோ’ போட்டுச் சொல்வதே வழக்கம். பிளந்த வடிவம் அங்கே அவ்வளவு அரிது என்பதால், 2016இல் ஜனாதிபதிப் பொறுப்புக்கு வந்த மிஷெல் தேமெர் அதைப் பேச்சில் பயன்படுத்தியதே செய்தியானது.

சரி, எழுதும்போது? பிளந்த வடிவத்தை வரி முடிவில் உடைக்க வேண்டி வந்தால் கவனம். 1990ஆம் ஆண்டின் போர்த்துகீசிய எழுத்துமுறை ஒப்பந்தம் ‘செரெனா-லுஸ்-எமுஷ்’ (‘அவர்களை அமைதிப்படுத்துவோம்’) என்ற வினையையே எடுத்துக்காட்டாகத் தருகிறது. சிறுகோடு இருக்கும் இடத்தில் வரி உடைந்தால், அடுத்த வரியின் தொடக்கத்திலும் கோட்டைத் திரும்பப் போட வேண்டும். சொல்லுக்குச் சொந்தமான கோடு எது, இடம் போதாமல் விழுந்த கோடு எது என்று அப்போதுதான் தெரியும்.