185,000 ரூபாவுக்கு வந்தது யாரோ பாவித்துக் கழித்த சீபாப் மெசின் – மட்டக்களப்பு, அம்பாறை ஆட்கள் கவனம்

கோபத்தில் எழுதுகிறேன், அங்கே இங்கே தாவினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நித்திரையில் மூச்சு நிற்கிற வருத்தத்துக்குச் சீபாப் மெசின் தேடிக்கொண்டிருப்பவர்கள் காசு கட்ட முதல் இதை வாசியுங்கள். எங்களுக்குப் போனது 185,000 ரூபா. சீட்டெடுத்த காசும், கட்டாரில் இருக்கிற என் தம்பி அனுப்பிய காசும் சேர்த்துக் கட்டியது.

கடையின் பெயரை எழுதவில்லை. முறைப்பாடு முடியும் வரைக்கும் எழுத வேண்டாம் என்று தெரிந்த சட்டத்தரணி ஒருவர் சொல்லியிருக்கிறார். கொழும்பில் இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும், மருத்துவச் சாமான் விற்கிற ஒன்லைன் கடை. தமிழிலேயே விளம்பரம் போடுகிறார்கள், கிழக்கு மாகாணம் முழுக்க வீட்டுக்கே கொண்டுவந்து தருவோம் என்று. இதற்கு மேல் இப்போதைக்குச் சொல்ல ஏலாது.

என் வீட்டுக்காரர் ஸ்கூல் வான் ஓட்டுகிறவர். அவருடைய குறட்டை சும்மா குறட்டை இல்லை. ஏறி ஏறிப் போய்த் திடீரென்று நிற்கும். பக்கத்தில் கிடக்கிற நான் மனதுக்குள் எண்ணத் தொடங்குவேன். பத்து, பதினைந்து, இருபது. பிறகு ஒரு திணறல், புரண்டு படுப்பார், திரும்பவும் குறட்டை. விடிய எழும்பினால் தலையிடி, வாயெல்லாம் வறட்சி, இரவு நடந்தது எதுவும் தெரியாது. மாமியைக் கேட்டால் "உழைச்ச களைப்பு, புள்ள நல்லா நித்திர கொள்ளுறான்" என்பார். ஒரு நாள் சிக்னலில் நிறுத்திய வானுக்குள்ளேயே கண் சொக்கிவிட்டது. பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்துத்தான் முழித்திருக்கிறார். பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வானோடு வந்த நேரம் என்பதால் தப்பினோம். அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

கொழும்பில் ஒரு இரவு தங்கி, தலையிலும் நெஞ்சிலும் விரலிலும் வயர் ஒட்டி, ஸ்லீப் ஸ்டடி செய்தார்கள். ஏஎச்ஐ 42 என்று வந்தது. ஒரு மணித்தியாலத்தில் 42 தடவை மூச்சு நின்றிருக்கிறது அல்லது நன்றாகக் குறைந்திருக்கிறது, ஒவ்வொரு தடவையும் குறைந்தது பத்து செக்கன். ஐந்துக்குக் கீழ் இருந்தால் பயமில்லை, 30ஐத் தாண்டினால் கடுமை. மெசினில் காற்றழுத்தம் 11 வைக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தார். நித்திரையில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை மூடிக்கொள்கிறது, அதை மூடவிடாமல் ஒரு குழாயாலும் முகமூடியாலும் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருப்பதுதான் இந்த மெசினின் வேலை. 4 முதல் 20 வரை அழுத்தம் வைக்கலாம்.

புது மெசின் விசாரித்த இடமெல்லாம் இரண்டரை, மூன்று இலட்சம் என்றார்கள். இந்தக் கடையில் 185,000. "டொலர் இறங்கினதால ஓஃபர் போகுது அக்கா" என்றான் கடைப் பொடியன். சரி, விலையைப் பார்த்து மட்டும் நம்பவில்லை. அந்தப் பொடியன் கதைத்த விதம் அப்படி. ரிப்போர்ட்டை அனுப்பச் சொன்னான், வாசித்தான், "அண்ணாவுக்கு 42 எண்டா கட்டாயம் வேணும் அக்கா, தள்ளிப் போடாதீங்க" என்றான். வீடியோ கோலில் பெட்டியைக் காட்டினான், மேலே பிளாஸ்ரிக் சுற்றி சீல் இருந்தது. "பிரஷர நானே செற் பண்ணி அனுப்புறன், நீங்க பிளக்கக் குத்தினாச் சரி" என்றான். கடைசியாக ஒன்று சொன்னான் பாருங்கள், "எங்கட அம்மாவும் இதே மொடல்தான் பாவிக்கிறா, நாலு வருஷமா." அந்த அம்மா கதையைக் கேட்ட பிறகுதான் வங்கிக்குப் போனேன்.

பெட்டி வந்தது, பூட்டினோம். முதல் இரவே இவர் முகமூடியைப் பிடுங்கி எறிந்தார். முகத்தில் காற்று அடிக்கிறது, மூச்சை வெளியே விட முடியவில்லை, மூச்சு முட்டுகிறது என்றார். அடுத்தடுத்த இரவுகளில் மூக்கும் தொண்டையும் காய்ந்து போனது, காற்று வயிற்றுக்குள் இறங்கி வயிறு உப்பியது, முகமூடியின் மேல் பக்கத்தால் காற்றுக் கசிந்து கண் இரண்டும் சிவந்தது. மூக்குத் தண்டில் தோல் உரிந்து புண். மெசின் சத்தமோ பழைய தையல் மெசின் மாதிரி, எனக்கும் நித்திரை இல்லை, அடுத்த அறையில் மாமிக்கும் இல்லை.

ஒவ்வொன்றாக அந்தப் பொடியனுக்குச் சொன்னேன். ஒரே பதில்தான். "முதல்ல அப்பிடித்தான் அக்கா இருக்கும், பழகிடும்." கசியுதா? "பட்டிய இன்னும் இறுக்குங்க, பழகிடும்." புண்? "பஞ்சு வைங்க, பழகிடும்." சத்தம்? "எல்லா மெசினும் சத்தம்தான் அக்கா."

எனக்குக் கொதிக்கிறது இதில்தான். சீபாப் தொடக்கத்தில் கஷ்டம் என்பது பொய் இல்லை. கொழும்பு டாக்டரும் அதைத்தான் சொன்னார், முதல் கிழமைகளிலேயே பலர் வெறுத்துப்போய் மெசினைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுகிறார்களாம், விடாமல் போடுங்கள் என்று. அந்த உண்மைக்குள்ளே ஒளிந்துகொண்டுதான் இவன் பழுதான சாமானை எங்கள் தலையில் கட்டினான். எது பழகுகிற கஷ்டம், எது மெசினின் கோளாறு என்று புதிதாகப் போடுகிறவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். இவர் தனக்குத்தான் பொறுமை இல்லை என்று நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு இரவும் அதை மாட்டிக்கொண்டு படுத்தார். பகலில் அதே தூக்கக் கலக்கத்தோடு வான் ஓட்டினார்.

தெரிந்தவர் ஒருவர் மூலம் இந்த மெசின்களைப் பார்க்கிற ஒரு டெக்னீசியனிடம் கொண்டுபோனோம். மனிதர் சத்தத்தைக் கேட்டதுமே சிரித்தார். 1980 வாக்கில் சிட்னியில் டாக்டர் கொலின் சல்லிவன் முதன்முதல் செய்து பார்த்ததற்கு வக்கியூம் கிளீனர் மோட்டர் வைத்தாராம், அது வேண்டுமானால் இப்படிச் சத்தம் போட்டிருக்கும், இந்தக் காலத்து மெசின் 30 டெசிபலுக்குக் கீழே, பக்கத்தில் படுத்தவருக்கே கேட்கக் கூடாது என்றார். பிறகு ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்து, நாங்கள் பார்க்காத வேறொரு மெனுவைத் திறந்தார். எங்களுக்குத் தெரிகிற திரையில் பாவித்த நேரம் பூச்சியத்திலிருந்துதான் தொடங்கியிருந்தது, அதை அழிக்கலாமாம். மோட்டர் ஓடிய நேரம் தனிக் கணக்கு. அதில் 11,640 மணித்தியாலம். இரவுக்கு ஏழு மணித்தியாலம் என்று வைத்தாலும் நாலரை வருஷம். இந்த மெசின்களின் ஆயுளே பொதுவாக ஐந்து வருஷம் என்கிறார்கள்.

அதோடு நிற்கவில்லை. அழுத்தம் 11 இல்லை, 15இல் இருந்தது. குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுகிற 'ராம்ப்' நிறுத்தப்பட்டிருந்தது. இவருக்கு மூச்சு முட்டியதும் வயிறு உப்பியதும் ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. ஈரப்பதம் தருகிற தண்ணீர்த் தட்டு சூடேறவே இல்லை. தட்டின் அடியில் வெள்ளையாக உப்புப் படிந்து கிடந்தது, நாங்கள் சுத்திகரித்த தண்ணீர் தவிர வேறு ஊற்றியதில்லை. கடையின் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினால் கீழே இன்னொரு லேபல், எழுத்துகளுக்கு மேல் இரண்டு புள்ளி போட்ட ஏதோ ஐரோப்பிய மொழி. தலைப் பட்டியின் ஒட்டுகிற பகுதிக்குள் இரண்டு மூன்று நீளமான நரைமுடி சிக்கியிருந்தது. இவருக்கு இருப்பதே கொஞ்ச முடி, அதுவும் கறுப்பு. யாரோ ஒரு வெளிநாட்டு அம்மாவின் தலையில் இருந்த பட்டியை என் புருஷன் முகத்தில் கட்டியிருக்கிறேன். அவன் சொன்ன "நாலு வருஷம் பாவிக்கிற அம்மா" இவவாகத்தான் இருக்க வேண்டும்.

இனி நடந்த கூத்தைக் கேளுங்கள். படமெல்லாம் எடுத்து அனுப்பினேன். முதலில் "ஃபக்டரி டெஸ்ட் ஹவர்ஸ் அக்கா" என்றான். பதினோராயிரம் மணித்தியாலம் டெஸ்ட்! பிறகு கூரியர்காரன் மாற்றியிருப்பான் என்றான். பிறகு மனேஜர் கதைப்பார் என்றான். மனேஜர் என்று கதைத்தவரின் குரலும் இவனுடைய குரலும் ஒன்று போலத்தான் எனக்குப் பட்டது. அவர் சொன்னது: "மேடம், நீங்க யூஸ் பண்ணிட்டீங்க. யூஸ் பண்ணின மெடிக்கல் ஐட்டம் திருப்பி எடுக்க மாட்டம், ஹைஜீன் பிரச்சினை." இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ நாலரை வருஷம் மூச்சு விட்ட சாமானை 185,000 ரூபாவுக்கு விற்றவன் எனக்கு ஹைஜீன் சொல்லித் தருகிறான். வரண்டி அட்டையை எடுத்துப் பார்த்தால் கடை சீல் மட்டும் இருக்கிறது, மெசினின் சீரியல் நம்பர் இல்லை. பில்லிலும் இல்லை. அவர்களின் பக்கத்தில் நான் எழுதிய கருத்தை அழித்தார்கள். பிறகு புளொக்.

இப்போது மாத வாடகைக்கு வேறொரு மெசின் எடுத்திருக்கிறோம். டெக்னீசியன் இவரைப் படுக்க வைத்து, காற்றை ஓடவிட்டு, அந்த நிலையிலேயே முகமூடியைப் பொருத்தினார். நடுத்தர அளவுதான் இவருக்குச் சரி, கடை அனுப்பியது பெரிது. பட்டியை இறுக்க இறுக்க ஓரத்து ரப்பர் நசிந்து கசிவு கூடத்தான் செய்யுமாம், விரல் ஒன்று நுழைகிற அளவுக்குத் தளர்த்தினார். ராம்ப் 4இல் தொடங்கி அரை மணித்தியாலத்தில் 11க்குப் போகிற மாதிரி வைத்தார். பகலில் நியூஸ் பார்க்கும்போது சும்மா முகத்தில் பிடித்துக்கொண்டு இருக்கச் சொன்னார், பிறகு பட்டி போட்டு, பிறகு காற்றோடு. இவர் வெட்கப்பட்டு வாசல் கதவைச் சாத்திவிட்டுத்தான் போடுவார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் குழாயைப் பார்த்து யானை என்று சிரித்ததால். மூக்கடைப்புக்கு உப்புத் தண்ணீர் மருந்து படுக்க முதல் அடிப்பது, தட்டுக்குச் சுத்திகரித்த தண்ணீர், காலையில் முகமூடியைச் சாதாரண சவர்க்காரத்தில் கழுவுவது, அவ்வளவுதான். இன்னும் நடுச்சாமத்தில் சில நாள் கழற்றிவிடுகிறார். ஆனால் குறட்டை இல்லை. காலையில் தலையிடி என்று சொல்வதும் இல்லை. உண்மையான பழகுதல் இப்படித்தான் இருக்கும், இரவுக்கு இரவு கொஞ்சமாவது குறையும். குறையாமல் கூடிக்கொண்டே போனால் மெசினைச் சந்தேகப்படுங்கள்.

விபரமாக ஆலோசனை எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது, அவசரமாக நாலு வார்த்தை. காசு கட்ட முதல் மோட்டர் ஓடிய மணித்தியாலத்தை வீடியோவில் காட்டச் சொல்லுங்கள், மழுப்பினால் விடுங்கள். சீரியல் நம்பர் பில்லிலும் வரண்டியிலும் மெசினின் அடியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். தனி ஆளின் பெயரில் உள்ள கணக்குக்குக் காசு போடச் சொன்னால் போடாதீர்கள். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி மருத்துவ உபகரணங்களுக்கு என்.எம்.ஆர்.ஏ. (தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபை) பதிவு வேண்டும், கேளுங்கள். தெரிந்தே பழையது வாங்குகிறீர்கள் என்றால் மொடல் நம்பரைத் தேடிப் பாருங்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் கம்பனி தன் மெசின்கள் பலவற்றைத் திரும்பப் பெற்றது, சத்தம் குறைக்க உள்ளே வைத்த ஸ்பொஞ்ச் உக்கித் தூளாகி மூச்சோடு போகலாம் என்று. எங்களுடையது அந்தக் கம்பனி இல்லை, ஆனாலும் சொல்கிறேன். அழுத்தத்தைக் கடைக்காரன் கையில் விடாதீர்கள், டாக்டர் எழுதிய நம்பர்தானா என்று வந்த அன்றே பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் முதலில் வாடகைக்கு எடுங்கள்.

ஏமாந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள். எங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது, பில், வங்கிச் சீட்டு, அவன் அனுப்பிய குரல் பதிவு எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். மட்டக்களப்பிலோ கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமோ இதே மாதிரி "எங்கட அம்மாவும் பாவிக்கிறா" என்று கேட்டு யாராவது வாங்கியிருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், ஒன்றாகக் கொடுப்போம். 185,000 ரூபாவைச் சும்மா விடுகிற எண்ணம் எனக்கு இல்லை.