தகர வீடுகளின் ஊரிலிருந்து ஒளிப்படப் பட்டயம்: ஒரு தொலைநிலைப் படிப்பின் மதிப்புரை

ஆஸ்திரேலியாவின் உட்பகுதிச் சிற்றூர் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே ஒளிப்படக் கலையை முறையாகக் கற்க விரும்புகிறவருக்குப் பெரும்பாலும் இருக்கும் ஒரே வழி, கடலோரப் பெருநகரக் கல்லூரிகள் நடத்தும் தொலைநிலைப் பட்டயப் படிப்புதான். அப்படிப்பட்ட படிப்பு ஒன்றின் முற்பகுதியை நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியிலுள்ள புரோக்கன் ஹில் நகரில் இருந்தும், பிற்பகுதியை வொயிட் கிளிஃப்ஸ் என்னும் ஓபல் மணிக்கல் சுரங்க ஊரில் இருந்தும் படித்து முடித்தேன். கல்லூரியின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பல இவ்வகைப் படிப்புகள் அனைத்துக்கும் பொதுவானவை என்றே எண்ணுகிறேன். காணொளிப் பாடங்களுக்காக இந்தக் கட்டணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை, ஆசிரியர் நம் படங்களைப் பார்த்துச் சொல்லும் திருத்தங்களுக்காகக் கொடுக்கலாம் என்பதே என் முடிவு.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ இதற்காகவே வர நினைப்பவர்கள் முதலில் விசா விதியைப் பார்த்துவிட வேண்டும். சப்கிளாஸ் 500 மாணவர் விசாவில் வருபவருக்கு எந்தக் கல்லூரியும் படிப்பின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இணையவழியில் நடத்தக் கூடாது. எந்தக் கட்டாயப் பருவத்தையும் முழுக்க இணையத்திலேயே முடிக்கவும் முடியாது. ஆகவே, மாணவர் விசாவை எடுத்துக்கொண்டு பாலை நிலத்து ஊரில் குடியிருந்து படிக்கலாம் என்று எந்த முகவராவது சொன்னால் நம்ப வேண்டாம். இந்தப் படிப்பு வேலை விசாவிலோ, 491 எனப்படும் மண்டல விசாவிலோ, அவற்றில் வந்தவரின் துணையாகவோ ஏற்கெனவே இங்கே வாழ்பவர்களுக்கு உரியது. மருத்துவமனை, சுரங்கம், பள்ளி ஆகியவற்றில் பணிபுரியும் நம்மவர்கள் இத்தகைய ஊர்களில் இன்று கணிசமாக இருக்கிறார்கள். அரசின் தொழிற்கல்விக் கடன் குடிமக்களுக்கும் வேறு சில பிரிவினருக்கும் மட்டுமே கிடைக்கும் என்பதால் மற்றவர்கள் முழுத் தொகையையும் கையிலிருந்தே செலுத்த வேண்டும். முழுச்சட்டக சென்சர் (பழைய 35 மி.மீ. பிலிம் சட்டகத்தின் அளவுள்ள ஒளியுணரி) கொண்ட நடுத்தரக் கேமரா ஒன்றையும் நல்ல லென்ஸ் ஒன்றையும் சேர்த்து வாங்கும் அளவுக்கு அது ஆகும். கேமராவும் லென்ஸும் வேறு செலவு.

புரோக்கன் ஹில் சிட்னியிலிருந்து ஏறத்தாழ 1,150 கி.மீ. மேற்கே இருக்கிறது. 1883இல் இங்கே கண்டெடுக்கப்பட்ட வெள்ளி, ஈய, துத்தநாகத் தாதுதான் பின்னாளில் உலகின் பெரும் சுரங்க நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்த பிஎச்பிக்கு அடித்தளம். அந்தப் பெயரிலுள்ள முதல் இரண்டு எழுத்துகளும் இந்த ஊரைத்தான் குறிக்கின்றன. தெருக்களுக்கு ஆர்ஜென்ட், ஆக்ஸைடு, குளோரைடு, சல்ஃபைடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வீடுகளில் பல நெளிவுத் தகரத்தால் ஆனவை. ஒளியைப் பற்றிப் படிக்க வருகிறவருக்கு இதைவிட நல்ல பயிற்சிப் பொருள் அமையாது: நண்பகலில் தட்டையாகவும் வெளிறியும் தெரியும் அதே தகரச் சுவர், மாலை நான்கரை மணிக்குச் சூரியன் பக்கவாட்டில் இறங்கியதும் ஒவ்வொரு நெளிவுக்கும் தனி நிழல் வீழ்த்திப் புடைத்து நிற்கும். பக்கவொளியைப் பற்றிக் கல்லூரி அனுப்பிய அரை மணி நேரக் காணொளி இந்தச் சுவர் சொல்லித் தந்ததில் பாதியைக்கூடச் சொல்லவில்லை. ஊரின் வடக்கே, ஒட்டகமோட்டிகளாக வந்த ஆப்கானியரும் நம் துணைக்கண்டத்தவரும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தகரத்தால் எழுப்பிய சிறு பள்ளிவாசல் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. கட்டடப் படப் பயிற்சிக்கு நான் தேர்ந்தெடுத்தது அதைத்தான்.

பாடத்திட்டத்தின் முதற்குறை அது எழுதப்பட்ட இடத்திலிருந்து வருகிறது. சென்சரில் எவ்வளவு ஒளியை விழவிடுவது (எக்ஸ்போஷர்) என்பதைப் பற்றிய பாடங்கள் மேகமூட்டமான நகரத் தெருவில் எடுக்கப்பட்டவை. மேகம் இல்லாத, ஈரப்பதம் குறைந்த வானத்தின் கீழே காலை பத்து மணிக்கே நிழல்கள் கருத்துவிடும் நிலத்தில் என்ன செய்வது என்பதற்கு அவற்றில் விடை இல்லை. ஒளியின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறங்களைச் சரிசெய்யும் வெண்சமநிலை பற்றிய பாடமும் அப்படியே. கேமராவின் தானியங்கி வெண்சமநிலை, சட்டகம் முழுவதும் நிறைந்திருக்கும் செம்மண்ணை ஒரு நிறப் பிழையாகக் கருதி அதைப் பழுப்பாக மாற்றிவிடுகிறது. பகலொளிக்குரிய 5,500 கெல்வினை ஒட்டி நிலைநிறுத்தி வைத்தால்தான் மண் மண்ணாக வருகிறது. அதே மண்ணிலிருந்து எழும்பும் ஒளி மனித முகத்தின் தாடைக்குக் கீழே செம்மையைப் பூசுவதால், உருவப்படம் எடுக்கும்போது தரையில் சாம்பல்நிறத் துணி ஒன்றை விரித்துக்கொள்ள வேண்டியிருக்கும். இவை எதுவும் பாடத்தில் இல்லை. ஆனால் ஆசிரியரின் திருத்தத்தில் இருந்தன. படிப்பின் மதிப்பு எங்கே இருக்கிறது என்பதற்கு இந்த ஒன்றே சான்று.

திருத்தம் நடக்கும் முறையைச் சற்று விளக்க வேண்டும். ஒவ்வொரு பயிற்சிக்கும் அனுப்பும் படங்களை, தொழில்முறையில் படம் எடுத்துவரும் ஆசிரியர் தம் திரையில் திறந்து, பேசிக்கொண்டே சுட்டிக்காட்டிப் பதிவுசெய்து அனுப்புவார். புகழ்ச்சி குறைவு, காரணம் அதிகம். புரோக்கன் ஹில்லை அடுத்துள்ள மண்டி மண்டிச் சமவெளி போன்ற இடத்தில், பார்வை எட்டும் தொலைவு வரை ஒரு மேடுகூட இல்லாமல் அடிவானம் கோடுபோட்டாற்போல் கிடக்கும்போது, யார் எடுத்தாலும் எல்லாப் படமும் மேலே வானம், கீழே மண் என்று இரண்டு பட்டைகளாகவே அமையும். அடுத்த பயிற்சித் தொகுப்பு முழுவதிலும் அடிவானமே தெரியக் கூடாது என்றார் ஆசிரியர். அந்தக் கட்டுப்பாடு வந்த பிறகுதான் உப்புப்புதர், எறும்புப் புற்று, காய்ந்த ஓடையின் வெடிப்பு, தகரக் கூரையின் ஆணி எல்லாம் கண்ணில் பட்டன. அகலக் கோண லென்ஸில் வானத்தின் நீலத்தை ஆழமாக்கும் போலரைசர் வடிகட்டியை மாட்டினால் இந்தப் பெரிய வானத்தின் ஒரு பக்கம் மட்டும் கருநீலமாகத் திட்டுத்திட்டாகிவிடும் என்பதையும், கோடைப் பகலில் நெடுந்தொலைவு லென்ஸில் கிடைக்கும் மங்கலுக்குக் காரணம் லென்ஸ் அல்ல, தரையிலிருந்து எழும் வெப்பக் காற்றின் அலைவு என்பதையும் அவரே விளக்கினார்.

நேரடி வகுப்புகள் எனக்கு அவ்வளவாகப் பயன்படவில்லை. புரோக்கன் ஹில் நியூ சவுத் வேல்ஸில் இருந்தாலும் கடிகாரத்தை அடிலெய்டைப் பார்த்தே வைத்துக்கொள்கிறது. சிட்னியைவிட அரை மணி நேரம் பின்தங்கியது. சிட்னி நேரம் மாலை ஆறரைக்குத் தொடங்கும் வகுப்பு செப்டம்பர் மாதத்தில் இங்கே சரியாகச் சூரியன் மறையும் வேளையில் வந்து விழும். வெளியே ஒளி கனிந்து நிற்கும்போது, ஒளியைப் பற்றிய சொற்பொழிவைக் கேட்பதற்காகச் சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பது எனக்குக் கடைசிவரை பிடிக்கவே இல்லை.

கருவிப் பராமரிப்பு பற்றிய அலகு மேலோட்டமானது. சென்னையில் லென்ஸுக்கு எதிரி பூஞ்சை; இங்கே காற்று வறண்டிருப்பதால் பூஞ்சையைப் பற்றிக் கவலை வேண்டாம், ஆனால் மாவைப் போன்ற செந்தூசி எங்கும் நுழையும். திறந்த வெளியில் ஒருமுறை லென்ஸை மாற்றினாலே போதும், லென்ஸின் துளையை எஃப் 16 என்னும் சிறிய அளவில் வைத்து வானத்தைப் படமெடுக்கும்போது கரும்புள்ளிகள் வரிசையாகத் தென்படும். கார்க் கதவுகளை மூடி, குளிர்சாதனத்தின் காற்றையும் நிறுத்திவிட்டு உள்ளே வைத்து மாற்றுவதே இங்குள்ளவர்களின் வழக்கம். இரண்டு கேமரா உடல்களை வைத்துக்கொண்டு லென்ஸை மாற்றாமலே இருப்பது இன்னும் நல்லது. அதற்கான பணம் யாரிடம் இருக்கிறது என்பது வேறு கேள்வி.

வொயிட் கிளிஃப்ஸ் முற்றிலும் வேறு உலகம். டார்லிங் ஆற்றங்கரையிலுள்ள வில்கானியாவிலிருந்து வடக்கே நூறு கி.மீ.க்குச் சற்றுக் குறைவான தொலைவில், சில நூறு பேர்கூட இல்லாத ஊர் அது. வெயிலுக்கு அஞ்சி மக்களில் பலர் குன்றைக் குடைந்து நிலத்தடி வீடுகளில் வாழ்கிறார்கள். வெளியே 45 பாகை கொதித்தாலும் உள்ளே ஆண்டு முழுவதும் இருபத்துச் சொச்சம் பாகைதான். ஸ்டுடியோ விளக்கமைப்பு அலகைத் தொடங்கியபோது மூன்று விளக்குகள், பின்னணித் திரை, ஒளியை மென்மையாக்கும் ஒளிப்பரப்பிகள் என்று கல்லூரி நீண்ட பட்டியல் ஒன்றை அனுப்பியது. பெருநகரத்தில் இவற்றை வாடகைக்கு எடுக்கலாம். இந்த ஊரிலோ ரொட்டி வாங்குவதற்கே ஒரு கடைதான். ஆனால் இங்குள்ள நிலத்தடி வீடுகளின் சுவர்களுக்கு வெள்ளை பூசியிருக்கிறார்கள். மூலைகள் கூர்மையாக இல்லாமல் குடைந்த வாக்கிலேயே வளைந்திருக்கின்றன. மேலே குழாய்போல ஒளித்துளை ஒன்று வானத்தை நோக்கித் திறந்திருக்கிறது. ஒற்றை ஃபிளாஷைச் சுவரை நோக்கித் திருப்பினால் அறை முழுவதுமே ஒளிப்பரப்பியாகிவிடும். ஒளித்துளையின் அடியில் ஒருவரை உட்காரவைத்தால் மேலிருந்து விழும் ஒளியில் முகம் செதுக்கியதுபோல் வரும். விளக்குகளின் எண்ணிக்கையைக் கேட்காமல், ஒளியின் திசை, அளவு, மென்மை ஆகியவற்றை மட்டும் கேட்டு இந்தப் படங்களுக்கு மதிப்பெண் தந்தார் ஆசிரியர். அந்த நெகிழ்வு விதிமுறைப் புத்தகத்தில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை என்பதால், வேறு ஆசிரியரிடமும் அது கிடைக்கும் என்று என்னால் உறுதி கூற முடியாது.

அண்மைப் படப் பயிற்சிக்கு ஓபலைவிடச் சிறந்த பொருளும் கடினமான பொருளும் இல்லை. கல்லுக்குள் அடுக்கடுக்காக இருக்கும் நுண்ணிய சிலிக்கா உருண்டைகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் அந்த நிறங்கள் பிறக்கின்றன. ஆகவே விளக்கையோ கல்லையோ ஒரு விரல் நகர்த்தினாலும் சிவப்பு பச்சையாகிவிடும். பரந்த மென்மையான ஒளி நிறத்தைக் கொன்றுவிடுகிறது. கறுப்புத் துணியின்மேல் கல்லை வைத்து, சிறிய ஒற்றை விளக்கைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுசென்றுதான் இடம் கண்டுபிடிக்க வேண்டும். உலகிலேயே இந்த ஊரில் மட்டும் கிடைக்கும் அன்னாசி வடிவ ஓபலைப் படமெடுக்க அனுமதித்த சுரங்கக்காரர் ஒருவர், விளக்கை எங்கே பிடிக்க வேண்டும் என்பதில் என் ஆசிரியரையும் மிஞ்சினார்.

இரவுப் படங்களைப் பொறுத்தவரை இந்த ஊர் வழங்குவதை எந்தக் கல்லூரியும் வழங்க முடியாது. சூன், சூலை மாதங்களில் பால்வழியின் மையம் இங்கே ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேலேயே வந்து நிற்கும். சென்னையில் அது அடிவானத்துக்கும் உச்சிக்கும் இடையே பாதித் தொலைவுதான் ஏறும். 500ஐ லென்ஸின் குவியத் தொலைவால் வகுத்து ஷட்டரின் திறப்பு நேரத்தைக் கணக்கிடும் பழைய விதியைத்தான் பாடநூல் சொல்கிறது. அதன்படி 20 மி.மீ. லென்ஸுக்கு 25 விநாடி. இன்றைய சென்சர்களில் அந்த நேரத்துக்குள் விண்மீன்கள் கோடாக நீளத் தொடங்கிவிடுகின்றன. 15 விநாடிக்குள் நிறுத்திக்கொள்வது நலம்.

இணைப்பின் கதை வேறு. ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கும் ஸ்கை மஸ்டர் செயற்கைக்கோள்கள் வழியாக இணையம் வரும் வீடுகளில், நாம் கேட்ட கேள்வி ஆசிரியரைச் சென்றடைந்து மீள்வதற்குள் உரையாடல் முறிந்துவிடுகிறது. 2021 முதல் கிடைக்கும், தாழ்வான உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் வழி இணையம் தரும் ஸ்டார்லிங்க் இதைப் பெருமளவு சரிசெய்துவிட்டது, ஆனால் அதற்குத் தனிச் செலவு உண்டு. கேமரா பதப்படுத்தாமல் அப்படியே சேமிக்கும் ரா கோப்பு ஒவ்வொன்றும் பல பத்து மெகாபைட் அளவுள்ளது. தொகுப்பை ஏற்றும்போது இணைப்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி கல்லூரியின் தளத்தில் இல்லை, முதலிலிருந்தே தொடங்க வேண்டும். நினைவகக் குச்சியை அஞ்சலில் அனுப்பலாமா என்று கேட்டதற்கு, விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. தொலைநிலைக் கல்வி என்று விளம்பரம் செய்யும் நிறுவனம் தொலைவைப் பற்றி இவ்வளவு குறைவாகச் சிந்தித்திருப்பது வியப்பளிக்கிறது.

ஆவணப் படங்களுக்கான அலகில் நெறிமுறைப் பகுதி நன்றாக இருந்தது. இந்த நிலப்பகுதி பார்க்கண்ட்ஜி, வில்யகாலி மக்களுடையது. புரோக்கன் ஹில்லுக்கு வடகிழக்கே உள்ள முத்தவிந்த்ஜி தேசியப் பூங்கா 1998இல் மாநிலத்திலேயே முதன்முதலாகப் பூர்வகுடி உரிமையாளர்களிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. அங்குள்ள பாறை ஓவியத் தலத்துக்கு வழிகாட்டியுடன் மட்டுமே போகலாம். இறந்தவரின் படத்தைக் காட்டுவது பல பூர்வகுடிச் சமூகங்களில் குடும்பத்தைப் புண்படுத்தும் என்பதையும், அனுமதி என்பது ஷட்டரை அழுத்துவதற்கு மட்டுமல்லாமல் பின்னர் வெளியிடுவதற்கும் தனியே பெற வேண்டியது என்பதையும் பாடம் பொறுமையாக எடுத்துரைத்தது. தொழில்சார் அலகில் பதிப்புரிமைப் பகுதி தெளிவானது: இங்கே திருமணம் போன்ற சொந்தக் காரியங்களுக்குப் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படங்களின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருடையது; வணிகப் பணிகளில் ஒளிப்படக்காரருடையது. இந்தியச் சட்டத்தில் இந்த வேறுபாடு இல்லாமல், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே முதல் உரிமை போய்ச்சேரும் என்பதால், நம்மூரில் ஸ்டுடியோ வைத்திருந்து இங்கே வருபவர்கள் இதை இரண்டுமுறை படிக்க வேண்டும்.

இறுதித் தொகுப்பை அச்சுப் படிகளாகவே அனுப்ப வேண்டும் என்கிறது கல்லூரி. காட்சிக்கூடத் தரத்தில் அச்சிடும் கூடம் வொயிட் கிளிஃப்ஸில் இல்லை. அடிலெய்டுக்கோ சிட்னிக்கோ கோப்பை அனுப்பி, சோதனைப் படி அஞ்சலில் வந்து, நிறத்தைத் திருத்தி, மறுபடி அனுப்ப வேண்டும். கனமழை பெய்தால் சாலையை மூடிவிடுவதுண்டு. அஞ்சலும் அதோடு நின்றுவிடும். சமர்ப்பிக்கும் நாளை நீட்டிக்க மருத்துவச் சான்றிதழைத் தவிர வேறெதையும் கல்லூரி ஏற்பதில்லை. ஆகவே இத்தகைய ஊரிலிருந்து பதிவு செய்பவர்கள், சாலை மூடப்பட்ட அறிவிப்பைக் காரணமாக ஏற்பீர்களா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.