நாய்க்கு எக்ஸ்ரேயா, ஸ்கேனா?

"டாக்டர் ரெண்டும் எழுதியிருக்கார். ஒண்ணு எடுத்தா போதாதாண்ணா?" பெங்களூர் அல்சூரில் நாய் வளர்க்கும் நம்மவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது.

என்ன தெரியும்?
எக்ஸ்ரே: எலும்பு முறிவு, நுரையீரல், விழுங்கிய ஊசி, நாணயம்.
ஸ்கேன் (அல்ட்ராசவுண்ட்): ஈரல், சிறுநீரகம், கர்ப்பப்பையில் சீழ், வயிற்றில் நீர்.

சிரமம்?
எக்ஸ்ரே: சில நிமிட வேலைதான். ஆனால் அசையக் கூடாது. பக்கவாட்டில் ஒன்று, மல்லாக்க ஒன்று என்று குறைந்தது இரண்டு படமாவது வேண்டும்.
ஸ்கேன்: வயிற்று முடியை மழித்து ஜெல் தடவுவார்கள். குடலில் காற்று இருந்தால் படம் மறையும், அதனால் வெறும் வயிற்றில் போவது நல்லது. பார்ப்பவரின் அனுபவமும் முக்கியம்.

செலவு? பெரும்பாலும் எக்ஸ்ரே குறைவு.

சினை நாய்க்குத்தான் நாள் கணக்கு பார்க்க வேண்டும். சுமார் 25 நாளிலேயே ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரியும். எங்கள் செல்லிக்கு எடுத்தபோது, கறுப்புத் திரையில் அரிசி மணி போல ஒன்று படபடவென்று துடித்தது. கண் கலங்கிவிட்டது. ஆனால் எத்தனை குட்டி என்பதை ஸ்கேனில் எண்ணுவது கடினம். 55 நாளுக்கு அப்புறம் எக்ஸ்ரே எடுத்தால் மண்டையோட்டையும் முதுகெலும்பையும் வைத்து எண்ணலாம். பிரசவத்தன்று ஒன்று உள்ளே தங்கிவிட்டதா என்று அறிய அந்த எண்ணிக்கை உயிர்காக்கும்.

நொண்டினால் எக்ஸ்ரே. மஞ்சள் காமாலை, நீர் கோத்து வீங்கிய வயிறு என்றால் ஸ்கேன். துணியையோ மாங்கொட்டையையோ விழுங்கி வாந்தி எடுத்தாலும், வண்டியில் அடிபட்டாலும், தயவுசெய்து இரண்டையும் எடுங்கள்.